சொட்டின் வேகம்

காலை ஐந்து நாற்பது. முதலில் தெரிந்தது சேலை. கொடியில் கிடந்த நீலச் சேலை. காற்றில்லை. சேலை நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்குகிறது. சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஓடுகிறோம். பதுங்குகுழி வீட்டின் பின்வளவில், மாமரத்தின் கீழ். மகன் முன்னால். நான் நடுவில். மனைவி பின்னால்.

"படுங்கோ! படுங்கோ!"

அவள் குரல். நான் படுத்தேன். இரண்டாவது ஷெல் விழுந்தது. அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் தொடங்கியது. அது இன்னும் நிற்கவில்லை.

அது 1990. யாழ்ப்பாணத்துக்கு வெளியே ஓர் ஊர். நான் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். ஷெல் விழுந்த இடம், நேரம், இறந்தவர்களின் வயது. தினமும் இவற்றைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைய செய்தியை வேறொருவர் சரிபார்த்தார்.

ஷெல்லின் ஒரு சில்லு என் வலது பாதத்தில் தங்கிவிட்டது. எடுக்க வசதி இருக்கவில்லை. அதோடு இந்தியாவுக்குப் படகேறினேன். அகதி முகாமில் இருந்தபோது காய்ச்சலுக்குப் பென்சிலின் போட்டார்கள். தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. பிழைத்தேன். இனி அந்த மருந்து எனக்கு ஆகாது என்றார்கள். பிறகு அனுமதி வாங்கி ஏற்காட்டுக்கு வந்தேன். தலைச்சோலை பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. தனி அறை. ஒரு ரேடியோ.

1992. ஐப்பசி மழை. பழைய தழும்பின் மேல் உண்ணிச்செடி முள் கீறுகிறது. சிறு கீறல். மறுநாள் பாதம் வீங்குகிறது. அதற்கடுத்த நாள் சிவப்பு கணுக்காலைத் தாண்டுகிறது. தோல் பளபளக்கிறது. தொட்டால் சுடுகிறது. சுண்டுவிரல் கறுக்கிறது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜீப் உடனே திரும்பிவிட்டது.

மலைமேல் சிறிய ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டில் எட்டுக் கட்டில். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும். டாக்டர் சேலத்துக்காரர், நாற்பது வயதுப் பெண். பேனாவால் என் காலில் சிவப்பின் எல்லையைக் கோடு போட்டார். மாலைக்குள் சிவப்பு கோட்டைத் தாண்டியது. சீழைச் சோதனைக்குச் சேலத்துக்கு அனுப்பினார். முதலில் கொடுத்த மருந்துகளுக்குக் கிருமி அடங்கவில்லை. கறுத்த சுண்டுவிரலை எடுத்தார்கள். பிறகு வான்கோமைசின் என்ற மருந்து வந்தது. சேலத்துக் கடையிலிருந்து பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பிய சிறு பெட்டி.

"இத ஊசியா ஒரேயடியா குத்த முடியாதுங்க," என்றார் நர்ஸ் செல்வி. "பாட்டில்ல கலந்து மெதுவாத்தான் எறக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும். பொறுத்துக்கோங்க."

கண்ணாடி பாட்டில். அதிலிருந்து குழாய். குழாயின் நடுவில் ஒரு சிறு சக்கரம். அதை உருட்டிச் சொட்டின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சிறுநீரை அளந்தார்கள். சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்க்க ரத்தம் சேலத்துக்குப் போனது. டாக்டர் தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

"காதுல இரைச்சல் இருக்குங்களா சார்?"

"இருக்கு."

"எப்பலேருந்து?"

"தொண்ணூறாம் ஆண்டிலயிருந்து."

இந்த மருந்து சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்றார். என் காதில் அந்த எச்சரிக்கை மணி ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. அதனால் வேறு வழி செய்தார். தன் கைக்கடிகாரத்தை என் காதருகே வைத்து, டிக் டிக் எந்தத் தூரம் வரை கேட்கிறது என்று தினமும் பார்த்தார்.

சிவப்பு மெல்லப் பின்வாங்கியது. கோட்டுக்குள் வந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குச் சடையக் கவுண்டர் வந்தார். மாரமங்கலத்து விவசாயி. மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தவர். ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில். மற்றக் கையும் வாயும் சும்மா இருக்காது.

"ரைட்டரே, நீங்க பேசறது ரேடியோவுல செய்தி படிக்கற மாதிரியே இருக்குதுங்க. தண்ணி வேணும்னு கேட்டாக்கூட எங்கியோ புயல் வந்துருச்சுன்னு நெனச்சுக்கறேன்."

"ஏனுங்க, அவரு காய்ச்சல்ல கெடக்கறாரு. வம்பு பண்ணாம இருங்க," என்பார் அவர் மனைவி பொன்னி.

பொன்னி தினமும் மதியம் பஸ்ஸில் வருவார். தூக்குப் போசியில் சாமைச் சோறு, அவரைக்காய்க் குழம்பு. எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவார். பக்கத்தில் ஒருவர் வெறும் வயிற்றோடு கிடக்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட மாட்டார்கள். என் மதிய பாட்டிலும் அதே நேரத்தில்தான் ஓடும். இடது கையில் நரம்பு வீங்கிவிட்டதால் ஊசி வலது கைக்கு மாறியிருந்தது. பாட்டில் முடியும்வரை நான் சாப்பிட முடியாது. அவர்களும் காத்திருப்பார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பொன்னி பாதிச் சோற்றோடு எழுந்து ஓடுவார்.

அந்த மதியம் நான் கண்ணயர்ந்திருந்தேன்.

விழித்தபோது முகம் எரிகிறது. கழுத்து எரிகிறது. நெஞ்சு முழுவதும் அரிப்பு. கையைப் பார்க்கிறேன். சிவப்பு. இதயம் தாறுமாறாக அடிக்கிறது. கூரை சுற்றுகிறது. காதில் ரீங்காரம் ஏறுகிறது. நான் ஏற்காட்டில் இல்லை.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தினேன். கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன். குழாய் என்னோடு வந்தது. இரும்புத் தண்டு சாய்ந்தது. பாட்டில் தரையில் விழுந்து நொறுங்கியது.

செல்வி ஓடிவந்தார். "நகருங்க! கண்ணாடி! கண்ணாடி!"

என்னை இழுத்துக் கிடத்தினார்கள். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கால்களைத் தூக்கி வைத்தார்கள். ஊசி போட்டார்கள். சிவப்பு வடிந்தது. டாக்டர் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"வேகமா வெச்சியாம்மா?"

"இல்லீங்க டாக்டர். எப்பவும் வெக்கற மாதிரிதான் வெச்சனுங்க."

பாட்டில் இருந்திருந்தால் எவ்வளவு இறங்கியது என்று பார்த்திருக்கலாம். அது தரையில் கிடந்தது. செல்வி வராந்தாவில் நின்று அழுதார்.

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார். "பென்சிலின் உங்களுக்குச் சேரல. இப்ப இதுவும் இப்படி. இனிமே இதக் குடுக்கற தைரியம் எனக்கில்ல சார். என்கிட்ட வேற மருந்தும் இல்ல. காலைல சேலம் போயிருங்க."

"கால்?"

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம். கூட வர யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

அன்று மாலை ரேடியோ போடவில்லை. சடையன் என் பக்கம் திரும்பவில்லை. வம்பு பேசவில்லை. கொண்டுவந்த சோறு மூடியபடி இருந்தது.

காலையில் என்னைச் சேலத்துக்குக் கொண்டுபோக எஸ்டேட் ஜீப் வந்து வாசலில் நின்றது. என் பையைச் செல்வி கட்டினார். போர்வை, ரேடியோ, இரண்டு சட்டை. முதல் பஸ்ஸில் பொன்னி வந்துவிட்டார். நேராகக் கணவரிடம் போனார்.

"சொல்லிப்போட்டீங்களா?"

அவர் தூளியை இழுத்துச் சரிசெய்தார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

சடையன் எழுந்தார். டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"டாக்டரம்மா, அந்தச் சக்கரத்த நாந்தானுங்க உருட்டி உட்டேன். குளுக்கோஸ் தண்ணிதானேன்னு நெனச்சுட்டேன். சோறு ஆறிப்போகுது, இவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது. ரைட்டர் ஒத்தையாக் கெடக்கறாரு, ஒருநாளாச்சும் எங்ககூட அவசரமில்லாம உக்காந்து திங்கட்டும்னு செஞ்சனுங்க. போலீசுக்கு வேணும்னாலும் சொல்லுங்க."

"எவ்வளவு திறந்தீங்க?"

"முழுசாங்க."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். என்னைக் கேட்டார். "நேத்து தொண்டை அடைச்சுதா? நாக்கு, உதடு வீங்குச்சா? மூச்சு இழுத்துச்சா?"

"இல்லை. எரிந்தது. அரித்தது. தலை சுற்றியது."

"பேச முடிஞ்சுதா?"

"பேசறதுங்களா?" என்றார் சடையன். "ஆஸ்பத்திரியே எந்திரிச்சு ஓடற மாதிரி கத்துனாருங்க. தொண்டையில ஒரு கொறையும் இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பொன்னி மட்டும் அவர் முதுகில் ஓர் அடி வைத்தார்.

டாக்டர் எனக்கு விளக்கினார். பென்சிலின் செய்தது ஒவ்வாமை. அதை மறுபடி எந்த வேகத்திலும் கொடுக்கக் கூடாது. நேற்று நடந்தது பெரும்பாலும் வேகத்தின் விளைவு. இந்த மருந்து வேகமாக இறங்கினால் உடம்பு இப்படித்தான் சிவந்து எரியும், அழுத்தம் இறங்கும். இன்னும் நீர்க்கக் கலந்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தால் தாங்கலாம். ஆனால் உறுதி சொல்ல முடியாது.

"முடிவு உங்களோடது சார்," என்றார்.

ஜன்னல் வழியே ஜீப் தெரிந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"குடுங்கோ," என்றேன்.

மூன்று மணி நேரம். டாக்டர் எழுந்து போகவில்லை. அவசர ஊசி தட்டில் தயாராக இருந்தது. ரத்த அழுத்தப் பட்டி என் கையைப் பிடித்து விட்டது, பிடித்து விட்டது. முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். சடையன் தன் கட்டிலில் நல்ல கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருந்தார். என் கன்னம் கொஞ்சம் சூடாகியது. டாக்டர் சொட்டை இன்னும் குறைத்தார். சூடு போனது. பாட்டில் முடிந்தது.

ஜீப் எஸ்டேட்டுக்குக் காலியாகத் திரும்பியது.

மருந்து மேலும் சில நாள் ஓடியது. ஊசி போடும் நரம்புகள் ஒவ்வொன்றாக மாறின. சிவப்பு கணுக்காலுக்குக் கீழே இறங்கி, பாதத்துக்குள் போய், மறைந்தது. கடிகாரம் பழைய தூரத்திலேயே கேட்டது. என் வலது கை பெரும்பாலும் குழாயோடு இருந்தது. பொன்னி சோற்றை உருட்டி என் இடது உள்ளங்கையில் வைத்தார்.

இழந்தவற்றின் கணக்கு இது.

என் மனைவி தவமணி, முப்பத்தாறு வயது, பின்வளவில். மகன் ரகு, பதினொரு வயது, பதுங்குகுழியின் வாசலில். சுடுகாட்டுக்குப் போகும் சாலை மூடியிருந்தது. இருவரையும் வளவிலேயே அடக்கம் செய்தோம். என் அண்ணன், மன்னாரிலிருந்து வேறு படகில் ஏறியவர். அந்தப் படகு கரை சேரவில்லை. ஒரு வீடு. ஒரு மாமரம். வலது பாதத்தில் சுண்டுவிரல்.

சடையக் கவுண்டர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். நான் அங்கே இருந்தவரை பக்கத்துக் கட்டிலுக்கு வேறு யாரும் வரவில்லை.