மாலையிட்ட சட்டகம்

— அடிப்பாவி! உசுரோட இருக்க மனுசன் போட்டாவுக்கு மாலையப் போட்டு, ரெண்டு பக்கமும் குத்துவெளக்க ஏத்தி வச்சிருக்கியே! நாளைக்குப் பெத்தவுக கூட்டத்துல இதப் போட்டா, ஹெட்மாஸ்டர் இம்மானுவேல் சார் வீட்டுக்கு ஊரே துட்டி கேக்கப் போயிரும்.

— பதறாதீர்கள். 'மரியாதை' என்று தேடினேன். காணொளி செய்து தரும் இணையதளம் இந்தச் சட்டகத்தைத்தான் முதலில் காட்டியது. தலைமையாசிரியருக்குப் பொருந்தும் என்று எண்ணிவிட்டேன்.

— நல்லாப் பொருந்துச்சு. சங்கு ஊதுற சத்தம் ஒண்ணுதான் கொறை.

— இசையையும் அதுவே சேர்த்துவிடும்.

— ஏத்தா, வேணாம்!

— மாற்றிவிட்டேன், பாருங்கள். இப்போது ரோஜாச் சட்டகம். படங்களை வரிசையாக இட்டால் போதும். அதுவே கோத்துக் காணொளியாக்கித் தந்துவிடும். கணினிகூடத் தேவையில்லை.

— பத்தாவது பாஸானதுலருந்து நீ பேசுறது ரேடியோ செய்தி கணக்கா இருக்கு. வீட்டுலயாச்சும் மனுசத் தமிழ் பேசு, தாயி.

— நாற்பதாம் வயதில் தேறியவள் நான். இன்று பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. வீட்டுக்கொரு தமிழ், சபைக்கொரு தமிழ் என்று அமுதவள்ளியிடம் கிடையாது.

— சரிங்க தலைவி, ஓட்டுங்க. இது புது வகுப்பற. இது காலச் சாப்பாடு, பொங்கலு. அட, வேப்பமரத்தடியில கபடி! நல்லாத்தான் இருக்கு. எதுக்கு இம்புட்டுப் பாடு?

— இவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. இப்படியே போனால் நம் ஊர்ப் பள்ளியை மூடிவிடுவார்கள். நாளை இதைப் பார்க்கும் தாய்மார்கள் தம் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். எனக்கு அதில் ஐயமே இல்லை.

— சேத்துட்டா, செல்லப்பாண்டி வேன்ல யாரு ஏறுவா? அருப்புக்கோட்டை இங்கிலீசு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள ஏத்திட்டுப் போறவனே நான்தான? கட்டுன புருசன் பொழப்புல மண்ணள்ளிப் போட ஒரு வீடியோவா?

— அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன்.

— அது போகட்டும். நம்ம அனுசியாவே என் வேன்லதான டவுனுக்குப் போறா? "மொதல்ல ஒம் மக எங்க படிக்கா?"ன்னு கூட்டத்துல முத்துமாரியம்மா எந்திரிச்சுக் கேப்பா. அப்ப எந்தப் பொஸ்தகத்துலருந்து பதில் சொல்லுவ?

— விடை அடுத்த படத்தில் இருக்கிறது. தள்ளிப் பாருங்கள்.

— ஏய்... இது நம்ம வேனு.

— நீங்கள் எடுத்த படம்தான். சிரிப்பதற்காக எனக்கு அனுப்பினீர்கள்.

— அனுசியா வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறா. டை முதுகுப் பக்கம் கெடக்கு. பக்கத்துல சங்கரு மகன், அவனும் சன்னல்ல சாஞ்சு... ஒரு பிள்ளகூட முழிச்சில்லையே, அமுதா.

— ஆறரை மணிக்கு ஏற்றுகிறீர்கள். பந்தல்குடியைச் சுற்றி ஊர் ஊராக நின்று, பள்ளி போய்ச் சேரும்போது... இன்னைக்கு என்ன படிச்சன்னு நான் கேட்டா, "தூக்கமா வருதும்மா"ங்கா, அம்புட்டுத்தான். அவ கபடி வெளாண்டு நான் பாத்ததே இல்லைங்க.

— இப்பத்தான் நம்ம பேச்சுப் பேசுற.

— இந்தப் படம் வேண்டாமென்றால் சொல்லுங்கள்; எடுத்துவிடுகிறேன். படமில்லாமலும் நான் பேசுவேன்.

— எடுக்காத. இருக்கட்டும்... அந்த மாலப் பிரேம அழிச்சுட்டியா?

— இல்லை, அப்படியே இருக்கிறது. ஏன்?

— கடைசிப் படமா நம்ம வேன அதுக்குள்ள வையி. ரெண்டு பக்கமும் வெளக்கு எரியட்டும். திங்கக்கெழமையிலருந்து அது பள்ளிக்கூட வேனு இல்ல, மொளகா லோடு வண்டி.