கிளிப்பில் ஒரு மஞ்சள் கோடு

கார் விஷயத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவருக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, சார். தங்கையின் பழைய கார் முதல் தடவை சிக்னலில் அணைந்து நின்றபோது அது நிஜமாகவே பழுதுதான். அதில் என் கை இல்லை.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். ஒரு ரப்பர் குழாயை விரலால் நசுக்கினார். நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் சாதுவானது. "இந்தக் கிளிப் லூசாயிருக்கு, சார். காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. ஓடுறப்ப தெரியாது. ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுத்தா ஐட்லிங் இறங்கி வண்டி அணைஞ்சிடும்." ஒரே திருகு, சரியாகிவிட்டது. எனக்குத்தான் சப்பென்றிருந்தது.

ஏனென்றால், வண்டி நின்றபோது அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். "அண்ணா, எங்க இருக்க? உடனே வாயேன்." அம்மா அப்பா போன பிறகு அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கியவன் நான். வேலைக்குப் போனதும் அவள் மாறிவிட்டாள். தாமதம் ஏன் என்று கேட்டால் "மீட்டிங்" என்பாள். போனைக் கவிழ்த்து வைப்பாள். குளியலறையில் பாடுவாள். காரணமில்லாமல் யாராவது பாடுவார்களா?

அதனால் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். கெடுதல் எதுவும் நினைக்கவில்லை. வண்டி எங்காவது அணையும், என்னைக் கூப்பிடுவாள், எங்கே யாருடன் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். போய்ப் பார்த்தால் தனியாகத்தான் நிற்பாள். ஆள் அதற்குள் நழுவியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், கிளிப்பையே புதிதாகப் போட்டார். கடைசியில் திருகையும் கிளிப்பையும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். யாராவது திருகினால் கோடு விலகும். விலகியது. "தங்கச்சி, இது தானா லூசாகல. யாரோ கை வெக்கிறாங்க" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அவர் என்ன அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவது? அண்ணன் நான் ஒருவன் போதாதா?

அன்று மாலை அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. நம்ம வாசல்ல நிக்கிற வண்டியில யாரோ விளையாடுறாங்க. நீ கொஞ்சம் பாத்துக்கோ."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

சொன்னபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டேன். நானும் ஒரு மஞ்சள் பெயின்ட் டப்பா வாங்கினேன். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, தளர்த்திய நிலையிலேயே புதுக்கோடு. "கோடு அசையவே இல்லையே" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு வண்டி நின்றால் அவரைத்தான் முதலில் கூப்பிட்டாள். என்னை அப்புறம்தான். வலித்தது, சார்.

நேற்று மழையில் என் போன் அடித்தது. அவள்தான். எடுக்கவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும், அப்போதுதான் அண்ணனின் அருமை தெரியும் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேம்பால வளைவில் வேகம் குறைத்ததும் வண்டி அணைந்தது, பின்னால் லாரி வந்தது எல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆமாம், கிளிப்பைத் தளர்த்தியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் போன் மணி பாதியில் நின்றதே, அதுதான் உறுத்துகிறது. மேஜைமேல் இருப்பது அவள் போன்தானே? என்னை விட்டுவிட்டு அடுத்து யாரைக் கூப்பிட்டாள் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.