ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

— அம்மா, ரெண்டாவது வார்த்தைலயே நின்னுட்டே. திரும்ப சொல்லு.

— எனக்கு... ஆத்துக்கு... போகணும்.

— மறுபடி ரெண்டு ஸ்டாப்பிங். மந்தைவெளி பஸ்கூட இவ்ளோ நிக்காது.

— சாய்சரண்... வாயை... மூடு.

— இன்னா தம்பி, பெத்த அம்மாவையே கலாய்ச்சிக்கினு கீற? நாலு நாள் முன்னாடி ஒதடு நீலம் பூத்துகினு வந்தாங்க. நான்தான் ஓடியாந்து நெபுலைசர் மாட்டுனேன்.

— கலாய்க்கலை, தேவானை சிஸ்டர். கோச்சிங். பதினோரு மணிக்கு டாக்டர் வரார். ஒரு முழு வாக்கியம், நடுவுல மூச்சு வாங்காம சொன்னாத்தான் டிஸ்சார்ஜாம். இல்லேன்னா இன்னும் ரெண்டு நாள் இந்த வார்டுதான்.

— இப்பவே பத்தே முக்கால், நைனா.

— தெரியும். அம்மா, என்னைத் திட்டறச்சே நீ கமா போட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால உனக்குக் கோபம் வரவழைக்கப் போறேன். ரெடியா? மேத்ஸ்ல அரியர்.

— தெரியும்.

— ரெண்டு அரியர்.

— மூணு.

— சரி, அதை விடு. பெருமாளுக்கு நைவேத்யம் பண்ற வெள்ளிக் கிண்ணத்துல நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

— வாசனை... வந்தது.

— ஏகாதசி அன்னிக்கு.

— ம்.

— சிஸ்டர், இவாளுக்கு இன்னும் ஒடம்பு சரியாகலை. வெள்ளிக் கிண்ணத்துக்கே ‘ம்’கறா.

— உருப்படியா ஒண்ணு சொல்லு தம்பி. மனசுல எதையோ வச்சிக்கினுதான் நாலு நாளா வார்டை சுத்தி சுத்தி வர்ற.

— ...இருக்கு. அம்மா, உனக்கு இந்த இழுப்பு வந்ததே என்னாலதான். ஸ்டோர் ரூம்ல, பழைய பெட்டிக்குப் பின்னாடி, ஒரு பூனைக்குட்டி. மாட வீதியில மழைல நனைஞ்சுண்டிருந்தது. பத்து நாள் வெச்சிருந்தேன். பூனை முடி உனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும். ஆம்புலன்ஸ்லயே சொல்லணும்னு வாயைத் திறந்தேன். மூடிண்டுட்டேன்.

— அழாதே.

— அழலை. பினாயில் நெடி.

— குட்டி... எங்கே?

— அடையார்ல, என் ஃபிரெண்டு சித்தார்த்தன் ரூம்ல. இனிமே நம்மாத்துக்கு வராது. பாவம், பால் வெச்சா முகத்தைத் திருப்பிக்கறதாம். என்கிட்டயும் அப்படித்தான். ஒரு சொட்டு குடிச்சதில்லை, ஆனா நாளுக்கு நாள் குண்டாயிண்டே வந்தது. எப்படின்னே புரியலை. போறாக்குறைக்கு ஆத்துல ஒரு நாத்தம் வேற. டிரெய்னேஜ்தான்னு அப்பா ரெண்டு தடவை பிளம்பரைக் கூப்பிட்டார்.

— சாய்...

— திட்டும்மா. ப்ளீஸ். ஒரு தடவை நன்னாத் திட்டிடு.

— ஜலஜாம்மா, டாக்டர் கதவாண்ட வந்துட்டாரு! எதுனா சொல்லு, ஒரே தம்ல!

— அந்த சித்தார்த்தனுக்கு உடனே போன் பண்ணி பாலை வெச்சு அதைப் பட்டினி போடாதேன்னு சொல்லிட்டு நேரா ஆத்துக்குப் போய் உங்கப்பா சந்தியாவந்தனத்துக்கு உக்கார்ற நேரமாப் பார்த்து கோலமாவு டப்பாக்குள்ள அந்தப் பத்து நாளும் நான் பட்டினப்பாக்கத்துலேர்ந்து வாங்கிண்டு வந்து ஒளிச்சு வெச்சிருக்கற நெத்திலிக் கருவாட்டை எடுத்துண்டு போய் அவன் கையில குடுத்து மடியில வெச்சு ஊட்டினாத்தான் அது சாப்பிடும்னு சொல்லுடா!