இழுதுமீன் சாறு

சித்திரை மாதத்தில் காஞ்சிபுரத்தில் ஐஸ் வாங்கிப் பாருங்கள் இன்ஸ்பெக்டர், அப்போது தெரியும் எங்கள் பாடு. கடையிலிருந்து ரிக்‌ஷாவில் கல்லூரிக்கு வருவதற்குள் பாதி ஒழுகிப்போகும். மகாபலிபுரத்து மீனவர்கள் பிடித்துத் தரும் இழுதுமீனை, அவர்கள் சொறி என்பார்களே, அந்த ஜெல்லிமீனை, ஐஸில் போட்டுத்தான் நானும் பல வருஷம் பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஆய்வுக்கூடத்தில் அரைக்கும்போதும் ஐஸ் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணவேணிக்குத் தோன்றியது. கூரத்துப் பெண், என்னிடம் ஆராய்ச்சி பழக வந்தவள்.

“அக்கா, கல்வத்தையும் ஐஸ்லயே வெச்சி அரைக்கலாமா? சூட்டுல கெட்டுப்பூடுதோ என்னவோ” என்றாள். நான் சிரித்தேன்.

மீனின் கொட்டும் இழைகளை அவள் ஐஸில் வைத்தே அரைத்தாள். சுழற்றித் தெளியவைத்த சாற்றில் ஒரு சொட்டைத் தவளையின் இதயத்தில் விட்டாள். புகை படிந்த உருளையில் அதன் துடிப்பை அலையலையாகக் கீறிக்கொண்டிருந்த ஊசி மெல்லத் தளர்ந்து நேர்கோடு இழுத்தது. நான் எடுத்த சாற்றுக்கு அந்த ஊசி ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை.

“வடிவாம்பாள், பம்பாய் மாநாட்டுல இந்தப் பொண்ணே பேசட்டும்மா” என்றார் பேராசிரியர் கண்ணாயிரம். நல்லது சார் என்றேன். மாநாட்டுக்குக் கட்டிக்கொள்ள என் அரக்குப் பட்டைக்கூட அவளுக்குக் கொடுத்தேன். கட்டிக் காட்டினாள். என்னைவிட அவளுக்குத்தான் எடுப்பாக இருந்தது.

அதற்குள் ஒருநாள் இழை ஒன்று அவள் மணிக்கட்டில் பட்டுவிட்டது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்தது. பெரிய காஞ்சிபுரத்து டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். அட்ரினலின் ஊசி போட்டுவிட்டு, “இன்னொரு தபா பட்டா உயிருக்கே ஆபத்தும்மா. இந்த மருந்தக் கைவசம் வெச்சிக்குங்க” என்றார். அவள் வேலையை விடவில்லை, கையுறை போட்டுக்கொண்டாள். மருந்துக் குப்பிகளை அலமாரியில் வைத்தது நான்.

பம்பாய் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் அந்தக் குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தவளை இதயத்தில் விட்டுப் பார்த்தேன். அட்ரினலின் பட்டதும் இதயம் துள்ளும், பார்க்க அழகாயிருக்கும். கடைசிக் குப்பிவரை பார்த்தேன். பிறகு அவளுடைய கையுறையைக் கழுவி வைத்தேன். வெளிப்புறம் தண்ணீரால், உட்புறம் அவளே எடுத்த சாற்றால். ஐஸ் உடைத்து உடைத்து அவள் விரல்களில் எப்போதும் கீறல் இருக்கும்.

“அக்கா, மூச்சு முட்டிக்கினு வருது. அந்த மருந்த எடுக்கா.”

அலமாரியைத் திறந்து காட்டினேன். “தீந்துபோச்சும்மா. இரு, டாக்டரைக் கூட்டிக்கினு வரேன்.”

நடந்துதான் போனேன். கல்லூரி ஆசிரியை தெருவில் ஓடினால் நன்றாகவா இருக்கும்? டாக்டர் வந்தபோது ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அவள் அம்மா அங்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்ன நம்பித்தானேம்மா அனுப்பினேன்” என்று அழுதாள். நானும் அழுதேன்.

ஆக, கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். காரணம் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் கட்டுரையை நேற்றுத்தான் தபாலில் சேர்த்தேன். அதில் அவள் பெயரையும் போட்டிருக்கிறேன், என் பெயருக்குக் கீழே. பொறாமைக்காரி அப்படிச் செய்வாளா?