வெளித்தொடர்பு

தண்ணீர் வேண்டாம், நன்றி. கேள்விக்கு நடுவில் தண்ணீர் குடித்தால் பதில் தெரியாமல் முழிக்கிறான் என்று நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள். போட்டிகளுக்குப் போய்ப் போய் வந்த பழக்கம். நீங்களும் மூன்று பேர், மேசைக்கு அந்தப் பக்கம். எனக்கு இது சௌகரியமாகவே இருக்கிறது.

புகாரைப் படித்தேன். இறுதிச் சுற்றுக்குத் தயாரானபோது எங்கள் அணி வெளியாரோடு பேசி விதியை மீறியது என்று என் தங்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளும் அதே அணிதான். ஜெயித்த கோப்பையைப் பிடுங்கச் சொல்லித் தானே புகார் கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

போட்டி எப்படி நடக்கும் என்று கேட்டீர்கள். காலையில் ஒரு கம்பெனியின் பிரச்சினையை உறையில் போட்டுத் தருவார்கள். நான்கு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, செல்போன்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் தீர்வோடு வெளியே வந்து நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். அன்று வந்தது ஒரு செருப்புக் கம்பெனி. பழைய தொழிற்சாலையை மூடலாமா என்பது கேள்வி.

தீர்வு சொல்வதற்கு ஒரு முறை உண்டு. எப்போதும் மூன்று வழிகள் காட்ட வேண்டும். முதல் இரண்டும் தள்ளுவதற்காகவே வைப்பவை. மூன்றாவது, நாம் முன்பே முடிவு செய்தது. நடுவர்களுக்கும் இது தெரியும், இருந்தாலும் தலையாட்டுவார்கள்.

எங்கள் அணியில் கணக்குப் பார்க்க ஒருவன், ஸ்லைடு போட ஒருத்தி. எடுத்துச் சொல்வது நான். நடுவர்கள் குடைந்து குடைந்து கேட்பதற்குப் பதில் சொல்வது தங்கை. கோப்பை கிடைப்பதும் போவதும் அந்தப் பதில்களில்தான். போன வருடம் அவளுக்குக் காய்ச்சல். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், மண்ணைக் கவ்வினோம்.

மதியம், வாசலில் காவலுக்கு நின்ற மாணவி என்னை மட்டும் வெளியே கூப்பிட்டாள். வீட்டிலிருந்து அவசரமாகப் போன் என்றாள்.

"தங்கச்சியையும் கூப்பிடட்டுமா?"

"வேணாம், நானே சொல்லிக்கிறேன்."

போனில் அம்மா. "அப்பாவுக்கு ரொம்ப முடியலடா. பாப்பாவத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். ரெண்டு பேரும் உடனே கிளம்பி வாங்க." அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தது எங்களுக்குத் தெரியும், இவ்வளவு மோசமாகும் என்று தெரியாது. பஸ்ஸில் போகிற தூரம்தான். பிறகு அப்பாவே போனை வாங்கினார்.

"பாப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுடா."

உள்ளே போன் கூடாது, விதி அப்படி என்றேன். "சரிப்பா. முடிச்சிட்டே வாங்க" என்றார். 'சரி' என்று அவரே சொன்னார். அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. வராந்தாவில் நின்று வழிகளை யோசித்தேன். இரண்டு பேரும் கிளம்புவது. அல்லது தங்கையை ஒரு நிமிடம் பேசவிட்டுத் திரும்ப உட்காரவைப்பது. ஆனால் அவள் குரல் உடைந்துவிடும், அந்தக் குரல்தான் எங்கள் பலம். மூன்றாவது, பரிசு அறிவித்த பிறகு சொல்வது. அதில் இருந்த ஒரே ஆபத்து, அப்பா சாயங்காலம்வரை தாங்காமல் போவது. வாய்ப்பு குறைவு என்று போட்டுக்கொண்டேன். டாக்டரைக் கேட்டுப் போட்டதல்ல. செருப்புக் கம்பெனிக்கும் அப்படித்தான் போட்டோம்.

உள்ளே வந்ததும், "யாருண்ணா?" என்றாள்.

"சாப்பாடு வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கேட்டாங்க."

"எனக்கு வெஜ்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அன்று அவள் பேசியதுபோல் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொழிற்சாலையை மூடுவதை அங்கே வேலை பார்ப்பவர்களிடம் எப்போது சொல்வீர்கள் என்று ஒரு நடுவர் மடக்கினார். "முதல்லயே நேர்ல சொல்லிடணும் சார். மறைச்சு வெச்சு அப்புறமா சொன்னா மன்னிக்கவே மாட்டாங்க" என்றாள். நடுவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளிடம் சொன்னேன். அப்பா அதற்குள் போய்விட்டிருந்தார். "எப்பண்ணா போன் வந்துச்சு?" என்று கேட்டாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றேன். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடுவதில்லை. எனக்கும் அவர் அப்பாதான் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியாரோடு பேசியது உண்மை. பேசியது நான் மட்டும். ஆனால் அந்த விதி எதற்காக இருக்கிறதோ, அது காப்பாற்றப்பட்டது. வெளியிலிருந்து ஒரு வார்த்தைகூட அந்த அறைக்குள் போகவில்லை. நான் போகவிடவில்லை.