குலுங்காத வண்டி

இந்த மலை ரோட்டுல ஒரு காரோட ஸ்ப்ரிங் ரெண்டு வருஷம் தாங்குனாலே பெரிய காரியங்க ஐயா. கொழும்புப் பக்கத்து ஆளுங்க வண்டி வாங்குனா பெயின்டப் பாப்பாங்க, சீட்டப் பாப்பாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க முன்பக்கத்த ரெண்டு கையாலயும் அமுக்கி விட்டுத்தான் பாப்பாங்க. ஒரு தடவை எழும்பி நின்னுட்டா நல்ல வண்டி. அப்படியே ஆடிக்கிட்டு இருந்தா ஷொக் போச்சுன்னு அர்த்தம். லிந்துலையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி.

தேத்தண்ணி குடிச்சிட்டேங்க, இன்னும் வேணாம். நீங்க தமிழ் பேசுற ஆளா இருந்தது நல்லதாப் போச்சு. சிங்களத்துல எனக்கு வண்டி சமாச்சாரம் மட்டும்தான் வரும். மத்ததெல்லாம் வராது.

எம்பேரு மூக்கன். டவுனுக்குக் கீழ ஆத்தோரமா இருக்கிற கராஜ் என்னோடது. மூக்கன் பாஸ்னு சொன்னா எல்லாரும் கை காட்டுவாங்க. எங்கம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க, எங்கப்பா மலை வேலைக்குப் போனவரு, நான் மட்டும் ஸ்பேனரப் புடிச்சிட்டேன். என் வேலையில இது வரைக்கும் ஒருத்தரும் கொறை சொன்னதில்ல. மோட்டார் ஆபீஸ்ல இருந்து பழனியாண்டி வண்டியச் சோதிக்க வந்த பெரிய ஐயாவும் கொறை சொல்லலையே. போட்டிருக்கிறது எல்லாம் நல்ல சாமான், ஒரு போல்ட் கூட லூஸ் இல்ல, டிரைவர் வேகமாப் போனதுதான் காரணம்னு சொல்லிட்டாரு. அவரு பொய் சொல்லல. அதுனாலதான் நானா ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பழனியாண்டி சந்தியில ஹயர் ஓட்டுறவன், வாடகைக் கார். என்னை அண்ணேம்பான், எம் பொஞ்சாதி மீனம்மாவ அண்ணிம்பான், எம்மக பிரியந்திக்கு அவன் சித்தப்பா. ரத்த சொந்தம் கிடையாது, ஒரே லயத்து வரிசை வீட்டுல வளந்த பழக்கம். தோட்டத்துல யாருக்கு ஒடம்புக்கு முடியலன்னாலும் அவனோட பழைய ஜப்பான் கார்தான் வந்து நிக்கும்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. வேகம் காட்டுற முள்ளு எப்பவோ செத்துப் போச்சு. மாத்தித் தாரேன்டான்னா வேணாம்பான். "வண்டியே சொல்லும்ணே" அப்படிம்பான். கண்ணாடிக்குக் கீழ இருக்கிற முருகன் படம் நடுங்குனா காலை எடுத்துருவான். கதவு கடகடன்னா பிரேக்க அமுக்குவான். நம்ம பக்கத்து ஹயர்காரங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான், குலுக்கல வச்சுத்தான் வேகத்தக் கணக்குப் பண்றது. சிரிக்காதீங்க, அந்தப் பழக்கம் எத்தனையோ உசுரக் காப்பாத்தியிருக்கு.

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட மீனம்மாவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. ரொட்டிக்கு மா பெசைஞ்சுக்கிட்டு இருந்தவ, கையில மாவோட அப்படியே ஒக்காந்துட்டா. பழனியாண்டி வண்டியக் கொண்டாந்தான். பின் சீட்டுல அவ தலை எம்மடியில. தோட்டத்து ரோடு எப்படின்னு உங்களுக்கே தெரியும். வண்டி ஊர்ந்துதான் போச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்குறப்ப மூச்சு இல்ல. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டொக்டர் சொன்னாரு. அவரு அந்த வார்த்தையச் சொல்லாம இருந்திருக்கலாம்.

நத்தை மாதிரி ஓட்டிப் பொம்பளையக் கொன்னுட்டான்னு லயம் பூரா பேச்சு. கருமாதி வீட்டுல வச்சே ஏசுனாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். நான் ஒண்ணும் பேசல.

நான் பொரண்டு அழுத ஆளு இல்லீங்க. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்க எனக்குத் தெரியல, தினமும் மிஞ்சும். அவ சாப்பிடுற பங்கு அப்படியே சட்டியில கெடக்கும். அதப் பாக்கிறப்பல்லாம் எனக்குப் பழனியாண்டி மொகம்தான் வரும். அவ மொகம் வராது. அது என்னமோ அப்படித்தான் ஆகிப் போச்சு.

ஆடி மாசம் அவன் வண்டியக் கொண்டாந்து கராஜ்ல நிறுத்துனான்.

"அண்ணே, அடியில இருக்கிறதெல்லாம் கழட்டிட்டுப் புதுசு போடுங்க. குலுக்கவும் கூடாது, வளைவுல நகரவும் கூடாது. அன்னைக்கு வண்டி நல்லா இருந்திருந்தா அண்ணி இருந்திருப்பாங்க. இன்னொரு வீட்டுக்கு அப்படி ஆக வேணாம்ணே."

சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்குச்சு. எனக்கோ, கொன்னவனே வாய்க்கரிசி போட வந்த மாதிரி இருந்துச்சு. சரிடா, ஜோராச் செஞ்சு தாரேன்னு சொன்னேன்.

அவன் கேட்டது ரெண்டு காரியங்க. குலுங்காம இருக்கிறது ஒண்ணு, வளைவுல சாயாம ரோட்டப் புடிச்சு நிக்கிறது இன்னொண்ணு. ஸ்ப்ரிங்க மெத்துன்னு போட்டா குலுக்கல் போயிரும், ஆனா வளைவுல வண்டி ஒரு பக்கமாச் சாயும். அந்தச் சாய்வ அடக்கத்தான் முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் குறுக்க ஒரு கம்பி இருக்கு. ஸ்ப்ரிங் எவ்வளவு மெத்துன்னு இருக்கோ, அந்தக் கம்பி அவ்வளவு கெட்டியா இருக்கணும். ரெண்டையும் சேத்துச் செய்றதுதான் வேலை.

சாமான் எல்லாம் ஹட்டன்ல மர்சூக் நானா கடையில எடுத்தேன். நானா விவரமான ஆளு. "என்ன பாஸ், கம்பிக்கு ரப்பர் எடுக்கல்லையா? இவ்வளவு மெது ஸ்ப்ரிங்குக்கு வண்டி சாயுமே"ன்னு கேட்டாரு. வீட்டுல இருக்கு நானான்னு சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல, அவர வீணா ஸ்டேஷனுக்குக் கூப்பிட வேணாம்.

கம்பியக் கழட்டிச் சுவத்துல மாட்டிட்டேன். அது இருந்த தடமும் தெரியாமத் தொடச்சு, மேல கிரீஸ் பூசி விட்டேன். அந்த மாதிரி வண்டியில கம்பி இல்லாமலே வர்ற மலிவு வண்டியும் உண்டு. பெரிய ஐயா போட்டிருந்த சாமானத்தான் பாத்தாரு. போடாததப் பாக்க அவருக்கு எப்படித் தோணும், பாவம்.

அப்புறம் அந்தச் சத்தம். அந்த வேலைய நான் ஆசையாவே செஞ்சேன்னு சொல்லணும். கதவுக்கெல்லாம் புது ரப்பர் போட்டேன். முருகன் படத்த அசையாம ஒட்டுனேன். எங்கெங்க தகரம் தகரத்தோட ஒரசுமோ அங்கெல்லாம் பஞ்சு வச்சேன். வேலை முடிச்சுக் கதவச் சாத்துனா, புது வண்டிச் சத்தம். இனிமே அது அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாது.

இன்னும் ஒண்ணு இருக்குங்க. எங்க தொழில்ல ஸ்ப்ரிங் வேலை முடிஞ்சா வளைவு காட்டணும். வண்டிக்காரனப் பக்கத்துல ஒக்கார வச்சு, வேலை செஞ்ச பாஸே ஓட்டிக்கிட்டு மாடசாமி கோயில் வளைவு வரைக்கும் போகணும். இப்ப வண்டி இப்படிச் சாயும், இந்த எடத்துலயே காலை எடுத்துரு, பழைய ஞாபகத்துல ஓட்டாதன்னு சொல்லிக் குடுக்கணும். அங்க ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கி, சூடம் கொளுத்திட்டுத்தான் சாவியக் கையில குடுக்கிறது. வளைவு காட்டாம நான் ஒரு வண்டியையும் விட்டதில்ல. பழனியாண்டி சூடத்தோட வந்து நின்னான். எனக்கு இடுப்பு வலிக்குதுடா, நீயே போயிட்டு வான்னு சொன்னேன். "படுத்துக்கங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்"ன்னு சொல்லிட்டுப் போனான்.

சாகட்டும்னு நெனச்சியான்னு கேட்டீங்க. ஒரு தடவை பொரளட்டும்னு நெனச்சேன். பொரண்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் சொல்லல.

ஹயர் வண்டியில ஆளு இருக்குமே, அத யோசிக்கலையான்னு கேக்கிறீங்க. யோசிச்சேங்க. நம்ம ஆளு இருக்கும்னுதான் யோசிக்கல.

அப்புறம் ஊரு பூரா அந்த வண்டிப் பேச்சுத்தான். தொட்டில்ல போட்ட மாதிரி போகுதாம், தூக்கமே வந்துருதாம். புள்ளத்தாச்சிங்க ஓட்டோவுல ஏறமாட்டேன்னுட்டு அவனக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. மூக்கன் பாஸ் கைய வச்சா கை வச்சதுதான்னு எங்கிட்டயே வந்து சொன்னாங்க. சொல்றதுக்கு வெக்கமா இருக்கு, கேக்க எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

எம்மக பிரியந்தியக் கட்டிக் குடுத்தது உடப்புசல்லாவையில. மாப்பிள்ளை விஜிதரன் தங்கமான பையன். அவ அப்ப வாயும் வயிறுமா இருந்தா. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான் பாக்கணும், அது நம்ம வழக்கம். தாயே இல்லாத வீட்டுக்கு எதுக்குன்னு, மாமியாரோடயே இரும்மான்னு நான் சொல்லிட்டேன். அவ சரின்னா. சரின்னுட்டு, எனக்குத் தெரியாம மாப்பிள்ளைய வச்சுப் பழனியாண்டியக் கூப்பிட்டிருக்கா. அப்பா தனியா கெடந்து மிஞ்சுன சோத்தத் தின்னுக்கிட்டு இருக்காரு, நான் போயித்தான் ஆகணும்னு அடம் புடிச்சிருக்கா. எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு மூணு பேரும் பேசி வச்சிருக்காங்க. திடீர்னு வாசல்ல வந்து நின்னா நான் சந்தோஷப்படுவேனாம்.

பாதி வழியில அவளுக்கு வலி வந்துருச்சு. மாசம் ஆகல, ஆனாலும் வந்துருச்சு. வண்டிய நேரா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிட்டாரு மாப்பிள்ளை. பழனியாண்டிக்கு அண்ணி ஞாபகம் வந்திருக்கும். இந்தத் தடவை பிந்தக் கூடாதுன்னு காலை அமுக்கிட்டான். படம் நடுங்கல, கதவு கடகடங்கல. எவ்வளவு வேகம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

சாவு வீட்டுல மாப்பிள்ளை கையில கட்டோட பொட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்து சொல்லிச் சொல்லி அழுதாரு. வளைவு வர்றப்ப இவருக்குப் பயம் வந்து, கொஞ்சம் பாத்துப் போங்கன்னு சொல்லியிருக்காரு. எம்மகதான், "நீங்க போங்க சித்தப்பா, பயப்படாதீங்க. இது எங்கப்பா செஞ்ச வண்டி"ன்னு சொன்னாளாம்.

அதுக்கடுத்த வளைவுல வண்டி சாஞ்சு, தேயிலைக்குள்ள பொரண்டு போச்சு.

வயித்துல இருந்தது பொம்பளப் புள்ள ஐயா. தாயையும் புள்ளையையும் ஒரே பொட்டியில வச்சோம். மீனம்மாவுக்குப் பக்கத்துலதான் குழி. நான் வெதச்சேன், எம்மக அறுத்துட்டா. வேற என்னத்தச் சொல்ல.

பழனியாண்டி பொழச்சுக்கிட்டான். முந்தாநேத்து ஆஸ்பத்திரியில போயி அவனப் பாத்தேன். காலுல கட்டு, பக்கத்துல உங்க கான்ஸ்டபிள் காவல். குடிச்சிருந்தானான்னு கேட்டாங்களாம், வேகமாப் போயி ரெண்டு உசுரக் கொன்னதுக்கு வழக்காம். ஒருத்தர் மேலயும் அவன் பழி சொல்லல. வண்டி மேலயும் சொல்லல. என்னைக் கண்டதும் எழும்பப் பாத்தான், முடியல. எங்கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதான்.

"அண்ணிய மெதுவாக் கொண்டு போனேன், புள்ளைய வேகமாக் கொண்டு போனேன். ரெண்டும் தப்பாப் போச்சேண்ணே. நான் என்னதான்ணே செஞ்சிருக்கணும்?"

அவன் போர்வைய இழுத்து விட்டுட்டு வெளிய வந்தேன். நேரா இங்கதான் வரணும்னு பாத்தேன், ஆனா வீட்டுக்குப் போயிட்டேன். இன்னைக்கு வந்தேன். கம்பியப் பத்திச் சொல்லிட்டேன், வளைவு காட்டாததச் சொல்லிட்டேன், எல்லாம் எழுதிக்கிட்டீங்க. அவன விட்டுருங்க, நான்தான் செஞ்சேன்.

ஏன் செஞ்சேன்னு கேட்டதுக்கு, அவன் மெதுவா ஓட்டி எம் பொஞ்சாதியக் கொன்னுட்டான்னு சொன்னேன் பாருங்க, அத மட்டும் வெட்டிருங்க. அன்னைக்கு அவன் வேகமாத்தான் எடுத்தான். ஒவ்வொரு குழியிலயும் அவ எம்மடியில துடிச்சா, என்னால பாக்க முடியல. அவன் தோளப் புடிச்சு இழுத்து, மெதுவாப் போடா, மெதுவாப் போடான்னு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொன்னது நான். ஊரே கூடி ஏசுனப்ப அவன் அத ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல.