நாற்பத்தொரு லட்சம் டன்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, தலைமை அலுவலக அதிகாரிகளே, என்னோடு வயலில் மண்வெட்டி பிடித்த கள ஆய்வாளர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை அலுவலகம் ஒரு மலர்வளையம் அனுப்பியிருக்கிறது. 'நேர்மையின் சிகரம்' என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த இரண்டு சொல்லை அக்கா உயிரோடு இருந்தபோது சொல்ல ஒருவருக்காவது வாய் வந்ததா?

நம் எல்லோருக்கும் அவர் 'தராசு அக்கா'. இந்த நாட்டில் எவ்வளவு உருளைக்கிழங்கு விளைகிறது என்று கணக்கிடும் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர். குலுக்கலில் எந்த வயல் விழுகிறதோ அங்கே போவார். ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டுவார், தோண்டுவார், ஒவ்வொரு கிழங்காக மண்ணைத் துடைத்து எடை போடுவார். "எதுக்குக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏன் தம்பி, உங்க வீட்டுக் குழம்புல மண்ணையும் சேர்த்தா போடுறீங்க?" என்றார்.

போன ஆண்டு இலைக்கருகல் நோய் வந்தது. செடிகள் கறுத்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். முந்தைய ஆண்டு விளைச்சல் ஐம்பத்திரண்டு லட்சம் டன். அக்கா அளந்து சொன்னது நாற்பத்தொன்று. தலைமை அலுவலகம் கேட்டதோ ஐம்பத்தாறு! கிழங்கு என்ன, அதிகாரி அதட்டினால் மண்ணுக்குள் பெருகுமா?

இயக்குநரின் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் அங்கே இருந்தேன். "போன வருஷத்தைவிடக் குறைஞ்சா மேல யாரும்மா ஒத்துக்குவாங்க? நல்ல வயலாப் பார்த்து மறுபடி அளங்க" என்றார் இயக்குநர். "நல்ல வயல்ல மட்டும்தான் ஜனங்க சாப்பிடுறாங்களா சார்?" என்று கேட்டார் அக்கா. வெளியே வந்ததும் நான்தான் அவரிடம் கெஞ்சினேன். "ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டுப் போங்களேன்." அவர் என்னைத் திட்டவில்லை. "என்னால முடியாது தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்தை யார் போட்டது தெரியுமா? பிரிவில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த நான் போட்டேன். ஐயா, இந்த வாய்தான் 'அக்கா, அக்கா' என்றது. இந்தக் கைதான் ஐம்பத்தாறு லட்சத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டது. அந்த எண்ணை அறிவித்தபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதை நம்பி ஏற்றுமதியைத் திறந்துவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் குளிர்பதனக் கிடங்குகள் காலியாயின. மருத்துவமனைச் சமையலறையில் வெறும் கஞ்சி ஊற்றினார்கள். கடை வாசலில் பெண்கள் வெறும் பையோடு நின்றார்கள். அப்போது விசாரணை வந்தது. யார்மேல்? 'களப்பிரிவு முன்கூட்டியே எச்சரிக்கவில்லை' என்று அக்காமேல்! ஐம்பத்தாறு பொய் என்று மூன்று கடிதம் எழுதினாரே, அவை எங்கே போயின? எழுதியவரைத்தான் பழைய கோப்புகள் வைக்கும் நிலவறைக்கு மாற்றினீர்களே! இயக்குநர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை.

இரண்டு நாள் விசாரணை அறைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிடவே இல்லை. இரண்டாம் நாள் மதியம், அந்த நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பேருந்து ஓட்டும் அவர் கணவர், வண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "அவ சொன்னதை ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றுதான் அவர் கேட்டார். அந்த வராந்தாவில் இருபது பேர் நின்றோம்.

அண்ணே, உங்கள் கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். நாளைக் காலை அந்த விசாரணைக் குழுவின் முன்னால் நான் போய் நிற்பேன். பொய் எண்ணுக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து, போடச் சொன்னவர் இதோ இந்த இயக்குநர் என்று எழுதிக் கொடுப்பேன். வேலை போகுமா? போகட்டும்!

தோழர்களே, பதினோரு நாளில் அடுத்த அறுவடை தொடங்குகிறது. என்னை விலக்கினாலும் நீங்கள் வயலுக்குப் போவீர்கள். குலுக்கலில் விழுந்த வயலையே அளந்து, குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள். அதை மேலே அனுப்பும் அன்றைக்கே நம் அலுவலக வாசல் பலகையிலும் பெரிதாக எழுதுங்கள். மாற்ற நினைப்பவர், தெருவே பார்த்திருக்க, பட்டப்பகலில் தன் கையால் வந்து அழிக்கட்டும்!